என்பிடிக்குப் பழைய வினாத்தாள் கிடையாது

இங்கே டர்பனில் நம் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழா வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அன்று இரவிலிருந்து வாட்ஸ்அப்பில் அதுதான் பேச்சு. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. மேடையில் பேசிய பெரியவர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபமும் கிடையாது. ஆனால் "பிள்ளை டாக்டராக வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பிலேயே என்பிடி கோச்சிங்கில் போட்டுவிடுங்கள், சனிக்கிழமை தமிழ் வகுப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னார், மண்டபமே கை தட்டியது. என்பிடி (NBT) என்பது, பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கோடு சேர்த்துச் சில தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் தேர்வு. வெளியே வந்தால் வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டு "பழைய வினாத்தாள் தொகுப்பு உண்டு" என்று அச்சடித்த நோட்டீஸை ஒவ்வொரு அம்மா கையிலும் திணிக்கிறார்கள். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

என்பிடிக்குப் பழைய வினாத்தாள் என்று ஒன்று கிடையாது. தேர்வை நடத்துகிறவர்கள் வினாத்தாளை வெளியே விடுவதே இல்லை. மாதிரிக் கேள்விகள் கொஞ்சம் அவர்கள் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. அதைத் தாண்டிக் காசு வாங்கிக்கொண்டு யார் எதைக் கொடுத்தாலும் அது என்பிடி வினாத்தாள் இல்லை. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், அந்த நோட்டீஸ் விற்பது பயத்தை.

தேர்வில் என்ன இருக்கிறது என்று கை தட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு தாள். ஒன்றில் வாசிப்பும் அன்றாடக் கணக்கும் சேர்ந்து வரும், இன்னொன்று முழுக்கக் கணிதம். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கணிதத் தாள் பள்ளிப் பாடத்தை ஒட்டியே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாத ரகசியம் அதில் எதுவும் இல்லை. வாசிப்புப் பகுதியில் ஒரு நீண்ட கட்டுரையைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதைச் சொல்லாமல் உணர்த்துகிறார், எது தகவல், எது அவருடைய கருத்து என்று கேட்பார்கள். இதை எந்தத் தொகுப்பை மனப்பாடம் செய்து எழுதுவது?

என் நாத்தனார் மகள் போன வருடம் இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தாள். எங்கே என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். பல ஆயிரம் ராண்ட் கட்டினார்கள். தடியாக ஒரு ஸ்பைரல் புத்தகம் கொடுத்தார்கள், புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் அமெரிக்கத் தேர்வுகளிலிருந்து எடுத்த போட்டோகாப்பி. ஒரு நாள் சமையலறை மேஜையில் உட்காரவைத்து, கேப் டவுனில் 2018இல் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தபோது எழுதப்பட்ட ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் வாசித்தாள், ஆங்கிலம்தானே அவளுக்கு வீட்டு மொழி. "எழுதினவர் தண்ணீர்க் கட்டணத்தை ஏத்தணும்னு சொல்றாரா, வேண்டாங்கிறாரா?" என்று கேட்டேன். "ஏத்தணும்னு சொல்றார் மாமி, இதோ இந்த வரியிலேயே இருக்கே" என்று விரலை வைத்துக் காட்டினாள். அந்த வரி எழுதியவருடையதே இல்லை. அவர் மறுப்பதற்காக எடுத்துப் போட்ட எதிர்த்தரப்பு வாதம் அது. அடுத்த பத்தியில் அதை அவர் உடைத்திருக்கிறார், இவள் அதுவரை போகவில்லை. பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை. ஒரு முழுக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்து முடிக்கும் பழக்கம் அவளுக்கு யாராலும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். பணம் கட்டிய வகுப்பிலும் அதைச் செய்யவில்லை.

கணக்கிலும் இதே கதை. 240இல் 15 சதவீதம் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் கைகூட கால்குலேட்டரைத் தேடிப் போகிறது. பத்து சதவீதம் 24, அதில் பாதி 12, மொத்தம் 36. கடையில் நிற்கும்போது அம்மாவோடு தினமும் போட்டுப் பழக வேண்டிய கணக்கு இது.

இன்னொன்றையும் மேடையில் யாரும் சொல்லவில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகம் மருத்துவத்துக்கு என்பிடி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்கிறது. மெட்ரிக் பாடங்களுக்கு 600, என்பிடிக்கு 300, ஆக 900. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகமும் என்பிடி கேட்கிறது. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் விண்ணப்பம் போடுவது இங்கே டர்பனில் இருக்கும் நெல்சன் மண்டேலா மருத்துவப் பள்ளிக்குத்தான். அங்கே என்பிடி கேட்பதே இல்லை, மெட்ரிக் மதிப்பெண்தான். வீட்டுப் பக்கத்தில் படிக்க ஆசைப்படும் பிள்ளையின் மெட்ரிக் நேரத்தைப் பிடுங்கி, அந்தப் பள்ளி கேட்காத தேர்வுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து தயார் செய்யச் சொல்வது என்ன நியாயம்?

சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "டீச்சர் டியூஷனுக்கு எதிரி." இல்லை. பிசிக்சில் தடுமாறும் பிள்ளைக்கு டியூஷன் வைக்கத்தான் வேண்டும், நானே பல பேரை அனுப்பியிருக்கிறேன். "நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு இந்த வகுப்புகள்தானே துணை" என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அவ்வளவு பணம் ஏது? அடுத்தது, "டர்பன் மருத்துவப் பள்ளியில் இந்தியப் பிள்ளைகளுக்கு 19 சதவீதம்தான் இடம், அதனால் முண்டியடிக்க வேண்டியிருக்கிறது." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒதுக்கீட்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. போட்டோகாப்பிப் புத்தகம் வாங்கினால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடிவிடுமா?

"உங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை, அதனால் பேசுகிறீர்கள்" என்று ஒரு அம்மா குரல் செய்தி அனுப்பியிருந்தார். அது வலித்தது. என்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளையும் முடிவு வரும் நாளில் எனக்குத்தான் முதலில் போன் செய்கிறது. கிடைக்காதவர்கள் அழுவதையும் நான்தான் கேட்கிறேன்.

டாக்டர் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான், ஆனால் என் மாமியார் டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மாகசின் பாரக்சில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் அங்கிருந்து பெயர்த்தெடுத்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். 1951இல் நேட்டாலில் அந்த மருத்துவப் பள்ளி தொடங்கியபோது நம்மவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கதவாகத் தெரிந்தது என்பதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தலைமுறைதான் பகலில் மாநகராட்சி வேலை பார்த்து, மாலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பியது. மாமியாருக்கு இன்றும் கந்தர் சஷ்டி கவசம் புத்தகம் பார்த்துப் படிக்கத் தெரியும் என்றால் அதனால்தான். டாக்டர் ஆசையையும் தமிழையும் அவர்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தவில்லை. அவர்கள் வீடு வீடாக வசூல் செய்து கட்டிய மண்டபத்தில் நின்றுகொண்டு தமிழ் வகுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனது வந்தது? கமிட்டியில் ஒருவராவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மொழி படிக்கிற நேரம் வீண் நேரம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் ஆர்.கே.கான் மருத்துவமனையில் வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். இந்தப் பகுதியின் சூலு மக்களின் மொழியான இசிசூலு மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பாட்டி தன் வலியை எப்படியெல்லாம் சொல்ல முயல்கிறார் என்று பாருங்கள். நெல்சன் மண்டேலா மருத்துவப் பள்ளி சேர்ந்திருக்கும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014இல் இசிசூலுவைக் கட்டாயமாக்கியதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் இரண்டாவது மொழி ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய பிள்ளைக்கு மூன்றாவது மொழியைப் பார்த்துப் பயம் வராது. என் வகுப்பிலேயே கண்டது இது. அடுத்தவர் சொல்வதைக் கடைசி வரை கேட்கும் பழக்கமும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் வருகிறது.

இந்த வாரமும் சனிக்கிழமை வகுப்பு ஒன்பது மணிக்கு உண்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அது முடிந்ததும் ஒரு மணி நேரம் இருக்கட்டும். கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடுவோம், ஒரு கட்டுரையை முழுக்கப் படித்து அலசுவோம். பணம் வேண்டாம். ஆளுக்கு ஒரு பென்சிலும் அந்த வாரப் பத்திரிகை ஒன்றும் கொண்டு வந்தால் போதும். எந்தப் பல்கலைக்கழகம் என்பிடி கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரியாத அம்மா அப்பாக்களும் வாங்க, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்தையும் திறந்து சேர்ந்தே பார்த்துவிடலாம்.