சாவி எதிர் வீட்டில் இருக்கிறது

என் முகநூல் நண்பர் பட்டியல் 5,000 என்ற உச்சவரம்பைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியபோது, அந்த 5,000 பேரில் ஒருவரைக்கூட என்னால் கூப்பிட முடியவில்லை. கரண்ட் இல்லை. அப்புறம் சிக்னலும் போனது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர், சம்ப்பில் சாக்கடை. வீட்டில் அரை கேன் குடிநீர்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒன்பது வருடமாக எதிரெதிரே குடியிருக்கிறோம், பெயர் தெரியாது. போனில் 'எதிர் வீடு' என்றுதான் போட்டு வைத்திருந்தேன். (அவர் போனில் நான் 'வெள்ளை ஸ்கூட்டர்' என்பது பிறகு தெரிந்தது.) நான் இழுத்து இழுத்துப் பேசுவதைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ரெண்டு கேன் இருக்கு சார், ஒண்ணு எடுத்துக்கங்க." அவர்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்திருந்தது. மூன்று நாள் எங்கள் அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் கஞ்சி. மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரை ஆளுக்கு நாலு பக்கெட்டாகச் சுமந்து இறக்கினோம்.

மூன்றாம் நாள் சிக்னல் வந்ததும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. டொராண்டோ, சிங்கப்பூர், மதுரை என்று எங்கெங்கிருந்தோ "பத்திரமா?" முகம் பார்த்தே இராத ஒருவர், படகு வைத்திருக்கும் மீட்புக் குழுக்களின் எண்களைத் தேடித் தேடி எனக்கு அனுப்பியிருந்தார். படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அதனால் 'முகநூல் நட்பெல்லாம் போலி' என்று யாராவது ஆரம்பித்தால் நான் அந்தக் கட்சி இல்லை. பார்க்காமலே நட்பு என்பது நமக்குப் புதிதா என்ன? சங்க காலத்துக் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டு மட்டுமே நண்பர்கள். ஆனால் அந்தக் கதையை மேற்கோள் காட்டுகிறவர்கள் முடிவை விட்டுவிடுகிறார்கள். சோழன் வடக்கிருந்தபோது (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடுவது), என் நண்பர் வருவார், இடம் ஒதுக்குங்கள் என்றான். பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து நேரில் வந்து சேர்ந்தார். லைக் போட்டுவிட்டு ஊரிலேயே இருந்துவிடவில்லை.

தண்ணீர் வடிந்ததும் என்ன நடந்தது? கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. பத்து நாளில் பழைய தலையாட்டலுக்கே திரும்பிவிட்டோம். ஆபத்து ஆளைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். அதற்குமேல் பழகுவது தனி வேலை.

அதற்கு நேரம் வேண்டும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு உண்டு: தெரிந்தவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அந்தத் தலையாட்டலோடு விடாமல், நானும் எதிர் வீட்டுக்காரரும் சாயங்காலம் முனைக் கடையில் அரை மணி நேரம் டீ குடிக்க ஆரம்பித்தோம். 50 மணி நேரத்துக்கே 100 டீ! அந்த நூறில் தொண்ணூறு டீயில் பேசியது தண்ணி லாரி, முழங்கால் வலி, மெயின்டனன்ஸ் பாக்கி. பதிவாகப் போட்டால் நாலு லைக் தேறாத பேச்சு. நட்பு அந்தச் சப்பென்ற பேச்சில்தான் ஊறியது என்று நினைக்கிறேன்.

அரசியலில் அவர் எனக்கு நேர் எதிர். அவர் பேசுவதை முகநூலில் எழுதியிருந்தால் இரண்டாம் நாளே அன்ஃப்ரெண்ட் செய்திருப்பேன். இங்கே முடியாது. என் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் காரசாரமாகப் பேசிவிட்டு ஒரு வாரம் டீக்கு வராமல் இருந்தார். எட்டாம் நாள் வந்து, "சிலிண்டர் புக் பண்ணிட்டீங்களா?" என்றார். சமாதானம் முடிந்தது.

இந்தத் தைரியத்தில் பழைய பாட்டு ரசிகர்களான எங்கள் முகநூல் குழுவில் ஒருநாள் கேட்டேன்: வேளச்சேரிப் பக்கம் யார் இருக்கிறீர்கள்? பதினொரு பேர் கை தூக்கினார்கள். ஞாயிறு காலை ரயில் நிலையம் அருகே வந்தது மூன்று பேர். முதல் கால் மணி நேரம் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கமெண்டில் சிங்கமாக உறுமுகிறவர் நேரில் இரண்டு வார்த்தைக்குமேல் பேசவில்லை. ஐந்தாவது ஞாயிறில்தான் வாய் திறந்தார். வேலை போய் எட்டு மாதம் ஆகிறதாம். தினமும் குழுவில் பாட்டுப் போட்ட மனிதர், அங்கே இதை ஒரு வரி எழுதவில்லை.

இப்போது நாங்கள் ஆறு பேர். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, தரமணிக்காரர்கள் வரலாம். ஞாயிறு காலை ஏழு மணி, பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மழை வந்தால் எதிர் வீட்டுக்காரர் வீட்டு ஹாலில். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.