லைக்கு வேற, கல்லா வேற

"சார், உங்க வெப்சைட்ட கூகுள்ல முதல் எடத்துக்கு கொண்டு வந்துடுறோம், மாசம் இவ்வளவு கட்டுனா போதும்"னு கும்பகோணத்துல கடை வச்சிருக்குற யாருக்குத்தான் போன் வரல? பாத்திரக்கடை, பட்டுக்கடை, லாட்ஜ், டிராவல்ஸ், ஒருத்தரயும் விடல. நான் பில் புக்கு, விசிட்டிங் கார்டு அடிக்கிறதோட சேத்து வெப்சைட்டும் போட்டுக் குடுக்குற ஆளு, அதனால போன வச்ச கையோட நேரா நம்ம கடைக்குத்தான் வருவாங்க, "தம்பி, கட்டிப் பாக்கலாமா?"ன்னு. கட்டாதீங்கண்ணே. முதல் எடத்துக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே அதோட உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு. மேப்ல வர்ற கடை வரிசையும் அப்படித்தான், காசு குடுத்து மேல ஏற முடியாது. தேடுறதுக்கும் உங்க கடைக்கும் எவ்வளவு சம்பந்தம், தேடுறவருக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பேர் தெரிஞ்ச கடை, இந்த மூணுதான்னு வெளிப்படையாவே சொல்லிருக்காங்க. காசு குடுத்து வர்றதுக்குப் பேரு விளம்பரம். அது மேலயே ஸ்பான்சர்டுன்னு போட்டிருக்கும், காச நிறுத்துனா அன்னிக்கே காணாம போயிடும்.

அத விடுங்க, அந்தப் போனுக்கு இப்ப பாதி பேரு உஷாராயிட்டாங்க. எனக்கு வயிறு எரியிறது வேற ஒண்ணுக்கு. ரீல்ஸ்ல வியூஸ் ஏறுனா வியாபாரம் ஏறிட்டதா நெனச்சுகிட்டு, தேடி வர்றவன் வந்து நிக்கிற வாசல பூட்டி வச்சிருக்கோமே, அதுக்கு.

நாச்சியார்கோவில்ல எனக்குப் பழக்கமான பத்தர் ஒருத்தரு, குத்துவிளக்குப் பட்டறை. உருக்குன பித்தளைய மண் அச்சுல ஊத்துறத அவரு பையன் ரீல் எடுத்துப் போட்டான், நல்லாத்தான் இருந்துச்சு, நெருப்பு, பொகை, பின்னாடி ஒரு பிஜிஎம். வியூஸ் லட்சத்தத் தாண்டிடுச்சு. "சூப்பர்ண்ணா", "நம்ம பாரம்பரியம்", கை எடுத்துக் கும்புடுற எமோஜி, ஒருத்தராச்சும் விலை கேக்கணுமே, ம்ஹூம். தேரோட்டம் பாக்க வந்த கூட்டம் மாதிரி பாத்துட்டுக் கலைஞ்சு போயிட்டாங்க. சரி, வெப்சைட்டுன்னு ஒண்ணு இருக்குன்னாரு, யாரோ எப்பவோ போட்டுக் குடுத்தது, தொறந்து பாத்தேன். மேல ஓடுற படம், கீழ "தரமே எங்கள் தாரக மந்திரம்", அதுக்கும் கீழ விலைப்பட்டியல்னு ஒரு போட்டோ, நோட்டுல கையால எழுதுனத வாட்ஸ்அப்ல அனுப்பி அத அப்படியே ஒட்டிருக்காங்க. விளக்கோட உயரம் எழுத்துல இல்ல, எடை இல்ல, எத்தனை முகம்னு இல்ல, அன்னம் வச்சதா இல்லையான்னு இல்ல. பக்கத்தோட தலைப்பு என்னன்னு பாத்தா "ஹோம்". நாச்சியார்கோவில்ங்குற ஊர் பேரே அந்தப் பக்கத்துல அட்ரஸ்ல மட்டும்தான் இருக்கு, அந்த அட்ரஸும் படம்! கல்யாணச் சீருக்கு அன்ன விளக்கு வேணும்னு கோயமுத்தூர்ல உக்காந்து ஒருத்தர் தேடுறாரு, அவரு கண்ணுல இந்தப் பட்டறை எப்படிப் படும் சொல்லுங்க.

பெருசா ஒண்ணும் பண்ணல. ஒரு விளக்குக்கு ஒரு பக்கம். அன்ன விளக்கு, மூணு அடி, அஞ்சு முகம், இத்தன கிலோ, பாதம் தண்டு தட்டு பிரபை தனித்தனியா கழட்டி மரை போட்டு மாட்டிக்கலாம், லாரி ஆபீஸ்ல போட்டா எப்படி பேக் பண்ணி வரும், எல்லாத்தையும் அவரு வாயால சொல்லச் சொல்லி அவரு சொன்ன மாதிரியே டைப் பண்ணிப் போட்டோம். இப்ப வர்ற போன் கம்மிதான், ஆனா எடுத்த எடுப்புலயே "அந்த மூணடி அன்ன விளக்கு கிலோ என்ன ரேட்டுங்க"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. எனக்கு அந்த ஒரு போன் போதும், லட்சம் வியூஸ நீங்களே வச்சுக்குங்க.

இதுல ஒரு அநியாயம் இருக்கு, அதயும் சொல்லிடணும். கூகுள் 1998ல ஆரம்பிச்சப்பவே அடிப்படை யோசனை என்னன்னா, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கம் லிங்க் குடுத்திருக்கு, குடுத்தது யாரு, அத வச்சு அதோட மதிப்ப எடை போடுறது, பேஜ்ரேங்க்னு பேரு. இப்ப அதோட இன்னும் எத்தனையோ சேந்துடுச்சு, ஆனா அந்த யோசனை போகல. அதனால ஏற்கனவே பேர் தெரிஞ்சவனுக்குத்தான் லிங்க், லிங்க் இருக்குறவன்தான் மேல, மேல இருக்குறவனத்தான் நாலு பேரு பாத்து மறுபடி லிங்க் குடுக்குறான். விளக்கு வார்க்கிறது நாச்சியார்கோவில்ல, அத வாங்கி விக்கிற வெளியூர் ஆன்லைன் கடைதான் முதல் பக்கத்துல. திருபுவனம் பட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுது, கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல, எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம், சந்தோஷம். ஆனா குறியீடு கெடச்சா தேடல்ல எடம் கெடைக்காது. அப்ப வந்த செய்திங்கதான் மேல நிக்குது, நெசவாளியோட பக்கம் எங்கயோ கெடக்கு. சேனல்காரங்க, பேப்பர்காரங்க பட்டறைக்கு வந்து பேட்டி எடுத்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்புறதோட விடாதீங்க, செய்தில நம்ம வெப்சைட் லிங்க்க போடச் சொல்லிக் கேளுங்க, கேட்டா தப்பே இல்ல. ஆனா லிங்க்க காசுக்கு வாங்காதீங்க, அந்த மாதிரி வாங்கிக் குவிச்ச சைட்ட எல்லாம் 2012ல கூகுளோட பென்குயின்னு ஒரு அப்டேட் வந்து கீழ தள்ளிடுச்சு.

பிரபலத்தோட நம்பர் மேல நமக்கு எப்பவுமே ஒரு மயக்கம். ஒரு காலத்துல, எந்த சைட்டுக்கு எவ்வளவு கூட்டம் வருதுன்னு வரிசை போட்டுக் காட்டுன அலெக்ஸா ரேங்க் எவ்வளவுன்னு கேக்காம யாரும் சைட்டப் பத்திப் பேச மாட்டாங்க, அந்த நம்பர ஏத்திக் காட்டுறதுக்கே தனியா ஆளுங்க இருந்தாங்க. 2022 மே மாசம் அமேசான் அத இழுத்து மூடுச்சு. பிரவுசர்ல மாட்டிக்குற கூகுள் டூல்பார்ல காட்டுன பேஜ்ரேங்க் நம்பரும் 2016லயே போச்சு. எந்தக் கடையாச்சும் அதனால படுத்துச்சா?

மேப்ல வர்ற ரிவ்யூ மட்டும் வேற ரகம், அது உண்மையாவே கல்லாவத் தொடுது, முக்கியமா லாட்ஜுக்கும் டாக்ஸிக்கும். நவக்கிரக கோயில் சுத்த வர்றவங்க வண்டிய பேசுறதுக்கு முன்னாடி அந்த ஸ்டாரத்தான் பாக்குறாங்க. அதுக்காக மச்சான், மாப்ள, அக்கா பையன்னு ஒரே நாள்ல எல்லாரும் அஞ்சு ஸ்டார் குத்துனா படிக்கிறவனுக்குத் தெரியாதா? ரிவ்யூ போட்டா பில்லுல தள்ளுபடின்னு போர்டு வைக்கிறதும் கூகுள் விதிக்கு விரோதம். இந்திய தர நிர்ணய அமைப்பும் 2022ல ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே ஐஎஸ் 19000ன்னு ஒரு தரநிலை கொண்டு வந்துடுச்சு. வெந்நீர் வரலன்னு ஒருத்தர் ஒரு ஸ்டார் குடுத்தா சண்டைக்குப் போகாம, காலைல எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் வரும்னு பதில் எழுதுங்க, அடுத்து படிக்கிற பத்து பேருக்கு அது உதவும்.

2024லேர்ந்து நம்ம நாட்டுலயும் தேடுனா மேலயே ஏஐ பதில் வந்து உக்காந்துக்குது, பித்தளைய எப்படித் தேய்க்கிறதுங்குறதெல்லாம் அங்கயே படிச்சுட்டுப் போயிடுவாங்க, யாரும் உள்ள வர மாட்டாங்க. வாங்கணும்னு இருக்குறவன் வந்துதான் ஆகணும், விளக்க ஏஐ பார்சல் அனுப்பாதுல்ல.

கடைசியா லாட்ஜ்காரங்களுக்கு. 2028ல மகாமகம். ஒரு சைட்ட சரி பண்ணா பலன் தெரிய நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் ஆகும்னு கூகுள்காரங்களே 2017ல ஒரு வீடியோல சொல்லிருக்காங்க. இதயேதான் எங்க சித்தப்பாகிட்டயும் சொன்னேன், சின்னதா ஒரு லாட்ஜ் வச்சிருக்காரு, "அதுக்கு இன்னும் நாள் கெடக்குடா, அப்பப் பாத்துக்கலாம்"ங்குறாரு. பெயிண்ட் அடிக்க மட்டும் இப்பவே ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாரு.