பெயரைப் போட்டா போதும்னு எவன்யா சொன்னது?

சம்பளம் போடுகிற நாளாகப் பார்த்துத்தான் ஆபீஸில் பேரோல் தளம் (சம்பளம் போடும் இணையதளம்) படுக்கும். நேற்றும் அப்படியே. "தம்பி, லாகின் ஆகுது, சப்மிட் குடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு" என்று அக்கவுண்ட்ஸ் அக்கா போனில் புலம்பல். அவர் கணினியிலிருந்து பேரோல் தளத்துக்கு மட்டும்தான் வழி, மற்றதெல்லாம் பிளாக். அந்த வழியைத் திறந்துவிடுவது ஃபயர்வாலில் (ஆபீஸ் நெட்டுக்குக் காவல் நிற்கும் பெட்டி) இருக்கும் ஹோஸ்ட்நேம் அலையஸ், அதாவது ஐபிக்கு (முகவரி எண்) பதில் தளத்தின் பெயரை எழுதி வைக்கும் பட்டியல். பெயரை மட்டும் போடுங்க, ஐபியை அதுவே பாத்துக்கும் என்று சொல்லித்தானே நம் தலையில் கட்டினார்கள்!

பார்த்துக்கொள்கிறதே, 300 வினாடிக்கு ஒருமுறை! தளமோ சிடிஎன்னுக்கு (ஒரே தளத்தைப் பல சர்வர்களிலிருந்து பரிமாறும் வலை) பின்னால், டிடிஎல், அதாவது கிடைத்த ஐபி செல்லுபடியாகும் நேரம், வெறும் 60 வினாடி. ஃபயர்வால் ஒரு ஐபியைக் கேட்டு வாங்கித் தன் டேபிளில் (அனுமதிப் பட்டியல்) போட்டுவிட்டு ஐந்து நிமிடம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் அக்காவின் கணினி வேறொரு ஐபியின் வாசலில் போய் நிற்கும். ஏற்கெனவே திறந்த இணைப்பு ஓடும், புதிதாகப் போவது செத்துப்போகும். பாதிப் பக்கம் வரும், சப்மிட் மட்டும் வராது.

டேபிளைத் திறந்தேன். ஐபி இருக்கிறது. ஃபயர்வாலிலிருந்தே லுக்கப் போட்டேன், பெயருக்கு ஐபி என்னவென்று. அதே ஐபி. "ரிஃப்ரெஷ் பண்ணுங்கக்கா." வந்துவிட்டது! "என்ன தம்பி பண்ண?" ஒரு மண்ணும் பண்ணவில்லை அக்கா. சீட்டில் உட்காரக்கூட இல்லை, மறுபடி போன்.

நேரில் போய் அக்காவின் கணினியில் என்எஸ்லுக்கப் (ஐபி கேட்கும் கமாண்ட்) அடித்தால் பதில் சொல்வது 8.8.8.8, கூகுளின் டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லும் சேவை)! "நெட் வேகமா வரும்" என்று எந்த மகராசன் மாற்றி வைத்தானோ. ஃபயர்வால் ஓரிடத்தில் கேட்கிறது, கணினி இன்னோரிடத்தில் கேட்கிறது, சிடிஎன் ஆளுக்கொரு பதிலைக் கொடுத்து அனுப்புகிறது. சரி, இரண்டையும் ஒரே ரிசால்வரை (ஐபி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்) கேட்க வைத்தேன். 300-ஐயும் குறைத்தேன். கொஞ்சம் அடங்கியது. கொஞ்சம்தான்.

பேரோல்காரர்களின் சப்போர்ட்டைக் கூப்பிட்டால், "நிலையான ஐபி கிடையாது சார், எங்க டொமைனுக்கு முன்னாடி ஸ்டார் டாட் போட்டு அலவ் பண்ணிடுங்க." ஸ்டார் என்றால் அந்த டொமைனுக்குக் கீழே எந்தப் பெயரும் என்று அர்த்தம்; அதை வைத்துக்கொண்டு டிஎன்எஸ்ஸிடம் என்னத்தைக் கேட்பது? "உங்கிட்ட இருக்கிற எல்லாப் பேரையும் ஒப்பி" என்றா? அலையஸ் பெட்டியில் அதை டைப் செய்தாலே சிவப்பில் திட்டு விழுகிறது. அடுத்த யோசனை, "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க சார்." ஆமாம், கதவையே கழற்றி வைத்துவிட்டால் பூட்டு எதற்கு!

நடுவில் மேனேஜர் வேறு: "என் வீட்டு வைஃபைல நல்லா வருதேப்பா?" உங்கள் வீட்டில் எல்லாமே வரும் சார்.

கடைசியில் சம்பளம் போனது, மேனேஜருடைய மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக. அவ்வளவு காசு கொட்டி வாங்கிய ஃபயர்வால் ரேக்கில் பச்சை லைட்டைச் சிமிட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தது. சிரிப்புதான் வந்தது, வேறென்ன செய்ய.

அது கிடக்கட்டும். சர்வர் ரூம் ஏசி ரிமோட்டில் இருந்த பேட்டரியை உருவி ரிசப்ஷன் கடிகாரத்தில் போட்டது யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.