லாக்கரில் கைப்பேசி, கடல் கடந்து தோழி

"ஐ.டி. கம்பெனியில்தானே இருக்கிறாய், நாள் முழுக்க நெட்டின் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறாய், ஒரு மெசேஜுக்குப் பதில் போட என்ன?" என்று உறவினர்களும் பழைய வகுப்புத் தோழர்களும் கேட்பதைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். வங்கி அட்டை தொடர்பான வேலையைச் செய்யும் ஃப்ளோர்களில், அதாவது அலுவலகத் தளங்களில், இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும். எங்கள் மேசையில் இருக்கும் கணினியில், நீங்கள் இணையம் என்று சொல்லும் எதுவும் திறக்காது. வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், முகநூல், யூடியூப், எதைத் தட்டினாலும் நிறுவனக் கொள்கையின்படி தடைசெய்யப்பட்டது என்ற அறிவிப்புப் பக்கம்தான் வரும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை செய்யும் இடத்தில், ஃப்ளோருக்குள் நுழையும் முன் கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், கைப்பை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பேனாவும் காகிதமும்கூட உள்ளே போகக் கூடாது. எதையாவது குறித்துக்கொள்ள வேண்டுமானால் மேசையில் எழுதி அழிக்கும் சிறு பலகை ஒன்று இருக்கும். ஷிஃப்ட் முடிந்து எழுந்திருக்கும்போது அதில் ஓர் எழுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாது, டீம் லீட் வந்து பார்ப்பார். மதியம் ஒன்றரைக்கு உள்ளே போனால், இரண்டு சிறு பிரேக்குகளையும் சாப்பாட்டு நேரத்தையும் தவிர, இரவு பத்தரை வரை வெளியுலகம் எங்களைத் தொட முடியாது.

என் தோழி இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வை எழுதி, அங்கே போய் ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வையும் முடித்து, பதிவு பெற்று வார்டில் சேர்ந்தவள். அவளுக்குக் காலை ஏழரை முதல் இரவு எட்டு வரை நீள்கிற ஷிஃப்ட். வார்டில் நோயாளிகளின் நடுவே கைப்பேசியைக் கையில் எடுக்க முடியாது. கோடைக்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம் என்பதால், அவள் வார்டுக்குள் போகும்போது நமக்கு மதியம் பன்னிரண்டு, அவள் வெளியே வரும்போது நள்ளிரவு பன்னிரண்டரை. என் ஷிஃப்ட் முழுவதும் அவளுடைய ஷிஃப்டுக்குள் அடங்கிவிடுகிறது. இருவரும் வேலைக்குப் போகும் நாளில், இருவரும் கண் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் இருவர் கையிலும் கைப்பேசி இல்லை.

இந்தத் தடையை நான் எதிர்க்கவில்லை. அட்டை விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கென்று பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்னும் பாதுகாப்பு வரையறை 2004-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அட்டையின் பின்புறத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணை, பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு எங்கேயும் சேமித்து வைக்கக் கூடாது என்பது அதில் உள்ள விதிகளில் ஒன்று. வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் நம்பிச் சொல்லும் எண்ணை ஒரு துண்டுக் காகிதமோ ஒரு கைப்பேசிக் கேமராவோ நொடியில் வெளியே கொண்டுபோய்விடும். எங்கோ ஒரு முதியவரின் ஓய்வூதியம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கலாம். அதைக் காப்பதற்காக என் கைப்பேசி சில மணி நேரம் பூட்டில் இருப்பது எனக்குச் சம்மதமே.

தடையைச் சுற்றிக்கொண்டு போவதற்கான வழிகளைப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். இலவச வி.பி.என்., பிராக்சி தளம், யாரோ சொன்ன பிரவுசர் நீட்சி என்று ஆளுக்கொன்று கைவசம் வைத்திருப்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. பல அலுவலகங்களின் கணினிகளில் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ், அதாவது கணினி நம்பி ஏற்கும் மின்னணு அடையாளம், ஏற்கெனவே பதிக்கப்பட்டிருக்கும். அதனால் இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுக் குறி பிரவுசரில் தெரிந்தாலும் நடுவில் உள்ள கருவி அந்தப் போக்குவரத்தைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி மூடி அனுப்ப முடியும். தோழியிடம் நீங்கள் அந்தரங்கமாகச் சொன்னதாக நினைப்பது பதிவேட்டில் ஏறியிருக்கலாம். கண்டுபிடிக்கப்பட்டால் போவது வேலை. கூடவே உங்களை நம்பிப் பேசியவரின் சொந்த விஷயங்களும் யாரோ ஓர் அதிகாரியின் மேசையில் அச்சுப்பிரதியாக விரியும்.

அப்படி நடந்திருக்கிறது. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பொறியாளராக இருந்தவர் பார்புலெஸ்கு. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக நிறுவனம் தொடங்கச் சொன்ன யாகூ மெசெஞ்சர் கணக்கில், தன் சகோதரரிடமும் தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணிடமும் பேசினார் என்பதற்காக 2007-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த உரையாடல்களை 45 பக்கங்களுக்கு அச்சடித்து அவர் முன்னால் வைத்தார்கள். வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு வரை போனது. 2017 செப்டம்பர் 5 அன்று, 11 நீதிபதிகள் ஒருபக்கமும் 6 நீதிபதிகள் மறுபக்கமுமாக, அவருடைய தனிவாழ்வுக்கான உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பாயிற்று. சொந்த உபயோகம் கூடாது என்று நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. ஆனால் எதை, எந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்று சொல்லவில்லை. நிறுவனத்தின் விதி எதுவாக இருந்தாலும் வேலை செய்யும் இடத்தில் மனிதருடைய சமூக வாழ்வை அது முற்றிலும் இல்லாமல் ஆக்கிவிட முடியாது என்று அந்த நீதிமன்றம் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதற்குச் சில நாட்கள் முன்னால், 2017 ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தார்கள். ஆனால் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் நிறுவனத்தின் ஃப்ளோருக்குள் அந்தத் தீர்ப்பின் வெளிச்சம் நேராக வந்து விழுவதில்லை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை சார்ந்த நோக்கங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவருடைய ஒப்புதல் இல்லாமலே கையாள இடம் தருகிறது. ஆகவே, என்ன கண்காணிக்கப்படுகிறது என்பதை எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டிய பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

இனி, நட்பை எப்படிக் காப்பாற்றுகிறோம் என்பதற்கு வருகிறேன். தூரத்து நட்பு என்றதும் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் சொல்பவர்கள் உண்டு. நேரில் பாராமலே நெஞ்சம் ஒன்றிய அவர்களுடைய நட்பு பெரியது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அளவுகோல் ஒத்துவராது. எங்களுக்குச் சின்னச் செய்திகள் வேண்டும். அவளுடைய வார்டில் அன்று யார் வீடு திரும்பினார், இங்கே மழையில் எந்தத் தெரு மூழ்கியது, அவள் வாடகை வீட்டின் ஹீட்டர் வேலை செய்கிறதா, என் மகன் கணக்குப் பரீட்சையை எப்படி எழுதினான் என்பவை போய் வந்துகொண்டிருந்தால்தான் பெரிய துயரம் வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைக்காமல் இருக்க முடியும்.

இதற்கு உடனுக்குடன் பதில் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நாங்கள் பேசி விலக்கினோம். நீல நிற டிக் வந்தும் பதில் வரவில்லையே என்ற மனத்தாங்கல் அலுவலகத் தடையைவிட அதிகமான நட்புகளைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் குரல் பதிவுகளுக்கு மாறினோம். அவள் ஷிஃப்ட் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது பேசி அனுப்புவாள். பின்னணியில் அந்த ஊர்க் காற்றும் அவள் மூச்சு வாங்குவதும் கேட்கும், நடுவில் "இரு, பஸ் வந்துடுச்சு" என்று நிறுத்தி, ஏறி உட்கார்ந்தபின் விட்ட இடத்திலிருந்து அடுத்த பதிவில் தொடர்வாள். மறுநாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டே நான் அதைக் கேட்பேன், கேட்டு முடித்ததும் அடுப்பங்கரையிலிருந்தே பதில் பேசுவேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வசதி வந்தது 2013-இல். ஆனால் 1980-களிலேயே, வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களுக்கு வீட்டார் பேசிப் பதிவு செய்த கேசட்டுகளை, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். பதில் கேசட் வர மாதங்கள் ஆகும். அந்தக் குடும்பங்கள் அதற்காக ஒருவரை ஒருவர் மறந்துவிடவில்லை.

இரவு அலுவலக வண்டியில் வீடு திரும்பும்போது எழுதுவது இன்னொரு வழக்கம். சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டியதும் கைப்பேசியை எடுத்து, அன்றைய நாளைப் பற்றி நாலு வரி மின்னஞ்சலாக எழுதிவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதாமல் மின்னஞ்சலில் எழுதுவதற்குக் காரணம், அதை அவள் தன் ஓய்வு நாளில் சேர்த்துப் படிக்கலாம் என்பதும், அவளும் நிதானமாக நீளமாக எழுதுகிறாள் என்பதும்தான். அழைத்து நேரடியாகப் பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் வித்தியாசம் ஐந்தரை மணியாகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறன்று பழையபடி நான்கரை. அந்த நாட்களில் யார் யாருக்காக அரை உறக்கத்தில் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு ஏற்பாடும் அன்றாடத்துக்குப் போதும். அவசரத்துக்குப் போதாது. இதைச் சொல்லவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

தோழியின் தாயார் தாம்பரத்தில் தனியாக இருக்கிறார். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மாவுக்கு ஒன்றென்றால் ஓட வேண்டியவள் நான். சென்ற ஆண்டு ஒரு மாலை, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் இங்கிலாந்துக்குத் தகவல் சொல்ல, அவள் வார்டுக்கு வெளியே வந்து எனக்கு அழைத்திருக்கிறாள். கைப்பேசி லாக்கரில் ஒலித்து ஓய்ந்தது. பிறகு அலுவலகத்தின் வரவேற்பு எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள். "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டிருக்கிறார்கள். தோழி என்றதும், குடும்பத்தினரின் அவசர அழைப்பை மட்டுமே ஃப்ளோருக்கு இணைக்க முடியும் என்று வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தபோது திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், அதற்குள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று.

அந்த வரவேற்பாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த விதி அப்படி. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் இன்றைய குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் லண்டனிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெற்றோர் இங்கே இருக்கும் வீடுகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தப் பெற்றோருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் ஸ்கேனுக்கு அழைத்துப் போவதும் பல வீடுகளில் பிள்ளைகளின் நண்பர்களே. இரத்த உறவு இல்லை என்ற காரணத்தால் அவர்களுக்கு வரும் அழைப்பை வாசலிலேயே நிறுத்துவது நியாயமில்லை. கேட்டால் விதி மாறும். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அவர்கள் கேட்காதவரை, நிற்பதுதான் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

எங்கள் அலுவலகத்தின் அவசரத் தொடர்புப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தைத் திறந்தால் தந்தை, தாய், கணவர், மனைவி, உடன்பிறந்தோர், பாதுகாவலர் என்று வரிசை வருகிறது. நண்பர் என்று ஒரு தெரிவு அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும், ஊழியர் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்கும் எவர் அழைத்தாலும் டீம் லீடிடம் செய்தி சேர்க்க வேண்டும், வெளியே வந்து பேசும் அந்தச் சில நிமிடங்களை இடைவேளைக் கணக்கில் கழிக்கக் கூடாது என்று மூன்று கோரிக்கைகளை மனிதவளத் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவற்றில் எதுவும் ஒரு வாடிக்கையாளரின் அட்டை எண்ணையும் ஆபத்துக்கு உள்ளாக்காது. அழைப்பு வருவது வரவேற்பு மேசைக்கு, பேசுவது ஃப்ளோருக்கு வெளியே. பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப்பூர்வமான பதில் கேட்டிருக்கிறேன், வரும் வரை கேட்பேன். இதே மாதிரியான ஃப்ளோர்களில் வேலை செய்கிறவர்கள் உங்கள் அலுவலகத்தின் படிவத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நண்பருக்கு அதில் இடம் இல்லையென்றால் நீங்களும் எழுதிக் கேளுங்கள்.