சாகசத்துக்காகத் தொடங்கியதல்ல

வகுப்பறைக்கு வெளியே, இயற்கையில் பிள்ளைகளைப் பழக்கும் வெளிப்புறக் கல்வி என்றாலே கயிறு ஏறுவதும் படகு ஓட்டுவதும்தான் என்பதுபோல, நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. தொடக்கம் அப்படி இல்லை. 1941-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டும் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, உடல் வலு இருந்தும் இளம் மாலுமிகள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. ஹான் அடுத்தவர் உயிரைக் காப்பாற்றும் மீட்புப் பயிற்சியையும் முக்கியமாகக் கருதினார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தன்னால் இன்னொருவருக்கு உதவ முடியும் என்று தெரிந்த பிள்ளையின் முகமே வேறு.

அப்புறம் இன்னொன்று. இப்படிப்பட்ட முகாம்களில் பிள்ளைகள் மாலையில் வட்டமாக உட்கார்ந்து, அன்று பயந்தது, சண்டை போட்டது எல்லாவற்றையும் பேச வேண்டும். என் மகள் போய்வந்த முகாமில் அதற்கு நேரமே ஒதுக்கவில்லை. முகாம் நடத்துபவர்களே, தயவுசெய்து ஒதுக்குங்கள், அரை மணி நேரமாவது.