தூண்டில்காரனின் நோட்டு

பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். காவிரியின் பெரிய மீனான மஹ்சீரின் கதையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகக் காட்டுக்குள் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாகளி என்று மூன்று தூண்டில் முகாம்கள் இருந்தன. கேழ்வரகு உருண்டையை முள்ளில் பிடித்துவைத்து, பரிசலில் உட்கார்ந்து மஹ்சீருக்காகக் காத்திருப்பார்கள். கெண்டைக் குடும்பம்தான், ஆனால் 1946-இல் கபினியில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. காவலுக்கு இருந்தவர்களில் சிலர், முன்பு அதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள்.

சரி, மீன் பிழைத்ததா? காலிபோரில் என்ன மீன், எத்தனை, என்ன எடை என்று நோட்டில் குறித்துவந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியது நீலத்துடுப்பு மஹ்சீர். மகாராஷ்டிரத்து லோனாவாலா மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்து, நல்லெண்ணத்தோடு பல ஆறுகளில் விட்ட இனம். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் சரிந்துகொண்டே போயிருக்கிறது. அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் சிவப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பேர் உறுதியான வருடமே ஜாதகம் இப்படி.

சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று முகாம்களில் மீன்பிடிப்பை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. தமிழகப் பக்கமும் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் வந்துவிட்டது. ‘ஒரே ஒரு தடவை சார்’ என்று வனக்காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். ஆனால் தடையோடு அந்த நோட்டும் மூடிக்கொண்டதே, அதுதான் ஆற்றாமை. மீனை விட்டதால் தெரியவில்லை, எழுதி வைத்ததால்தான் தெரிந்தது.

அனுமதி உள்ள இடத்தில் தூண்டில் போடுகிறீர்களா, முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை வழித்தெடுத்துவிடும். மிஞ்சிய உயிர் இரையைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். அறுந்த தூண்டில் நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலில் நரம்பு சுற்றிய கொக்கு ஒன்றைப் பிடித்து அறுத்துவிட அரைமணி நேரம் போராடியிருக்கிறேன். அது என் நரம்பாகக்கூட இருந்திருக்கலாம்.

நானும் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் ஏரியில் போன ஞாயிறு: ஜிலேபி 11, கெண்டை 1, கெளுத்தி இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறும் கெளுத்தி இல்லை.