மலைக்கோட்டையை எங்கிருந்து படமெடுப்பது?

திருச்சியை விட்டுக் கிளம்புகிறோம். கணவருக்கு ஓசூரில் வேலை. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார், அதனால் ஆனியிலேயே சாமான் ஏற்றியாக வேண்டும். வடக்கு ஆண்டார் வீதியில் 19 வருடம் குடியிருந்தாகிவிட்டது.

ஒரு மாதமாக நேரம் கிடைத்தபோதெல்லாம் மலைக்கோட்டையைப் படமெடுக்கிறேன். முதலில் போனது எல்லோரும் போகிற காவிரிப் பாலத்துக்கு. அதற்கு ஆனி நல்ல மாதம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், பாலத்திலிருந்து பார்த்தால் பாறை நிழலில் கறுத்துக் கிடக்கும். இப்போது சூரியன் வடக்கே தள்ளி இறங்குவதால் சாயங்கால வெயில் நேராகப் பாறை மேல் விழுகிறது. உச்சிப்பிள்ளையார் கோயில் வரைக்கும் பொன்னாக ஜொலிக்கிறது. படமும் நன்றாகவே வந்தது. தங்கைக்கு அனுப்பினேன். "அழகா இருக்கு, எந்தக் காலண்டர்ல வந்தது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் படத்தில் மலை இருந்தது, நாங்கள் இல்லை.

அப்புறம் ஒரு விடியற்காலை மேலே ஏறினேன். 83 மீட்டர் உயரம், நானூறு படிக்கு மேல். மேலே நின்றால் காவிரி, கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் எல்லாம் தெரியும். மலை மட்டும் தெரியாது, அதன் மேல்தான் நிற்கிறோமே. போகிற வழியில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டதாகவும், அதற்காகவே மன்னன் இந்த மலைக்கோயிலை அமைத்துக் கொடுத்ததாகவும் அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கோயிலுக்கு இடம் பார்த்தவர்கள் அங்கிருந்து என்ன தெரியும் என்று யோசித்திருக்கிறார்கள்.

ஊரை விட்டுப் போகிற எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பதும் அதுதான். உங்கள் ஊர் மலையை, கோபுரத்தை, நீங்கள் தினமும் பார்த்த இடத்தில் நின்று எடுங்கள். கேபிள் ஒயர் குறுக்கே போனால் போகட்டும், அதை அழிக்காதீர்கள். சுத்தமான படம் இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். உங்கள் அடுப்படி ஜன்னலிலிருந்து தெரிந்த மலையை வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஜன்னலில் முக்கால்வாசி எதிர்வீட்டுச் சுவர், தண்ணீர் டேங்க். மீதிக் கால்வாசியில் பாறை. பெரியவளுக்கு அதைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். விபீஷணன் துரத்த, பிள்ளையார் ஓடிப்போய் மேலே உட்கார்ந்து தலையில் குட்டு வாங்கிய கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சதுர்த்தியன்று மேலே உச்சிப்பிள்ளையாருக்கு 75 கிலோ, கீழே மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ என்று கொழுக்கட்டை படைப்பார்கள். அவ்வளவு பெரிய கொழுக்கட்டையைப் பிள்ளையார் எப்படிச் சாப்பிடுவார் என்று அவள் கேட்டதும் அந்த ஜன்னலில்தான். அந்தக் கால்வாசி மலையை நேற்று எடுத்தேன். ஜன்னல் கம்பியும் விழுந்திருக்கிறது, எதிர்வீட்டு டேங்கும் விழுந்திருக்கிறது. மகள் பார்த்ததும், "அம்மா, நம்ம வீடு" என்றாள். மலை என்று சொல்லவில்லை.

ஆடிப்பெருக்குக்குக் காவிரியோடு சேர்த்து ஒன்று எடுக்க ஆசை. அதற்குள் போய்விடுவோம், அந்த வருத்தம் இருக்கிறது. சரி, புதன்கிழமை லாரி வருகிறது. செவ்வாய் சாயங்காலம் மொட்டை மாடியில் துணிக்கொடியை அவிழ்ப்பதற்கு முன்னால், கொடியில் துணி காயும்போதே ஒன்று எடுத்துவிட வேண்டும்.